பேட்டரிக்கு ஏன் வயதாகிறது?

ஆழ்வார்திருநகரி ஆதிநாதர் கோயிலுக்குள் ஒரு பழைய புளியமரம் இருக்கிறது. நம்மாழ்வார் 16 வயது வரை அதன் பொந்தில் அமர்ந்திருந்தார் என்பது ஐதீகம். மற்ற புளியமரங்களின் இலைகள் இரவில் மூடிக்கொள்ளும், இதன் இலைகள் மூடாது என்பார்கள். அதனால் உறங்காப்புளி என்று பெயர்.

கோயிலைச் சுற்றி வருகிறவரின் சட்டைப்பையில் இருக்கும் செல்போனுக்கு அந்த வரம் இல்லை. வாங்கிய புதிதில் ஒரு நாள் முழுக்கத் தாங்கிய சார்ஜ், மூன்று வருடத்தில் மத்தியானத்துக்கே தீர்ந்துவிடுகிறது. ஏன்?

இப்போதைய பேட்டரியில் சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் கிராஃபைட் அடுக்குகளுக்குள் போய் உட்காருகின்றன. 1 கிராம் கிராஃபைட் 372 மில்லி ஆம்பியர்-மணி வரை தாங்கும். 1 கிராம் லித்தியம் உலோகமோ 3,860 தரும். பத்து மடங்கு! அப்படியானால் கிராஃபைட்டை எடுத்துவிட்டு லித்தியத்தையே வைத்தால் என்ன?

முதலில் வைத்ததே அதைத்தான். 1970களில் எக்ஸான் நிறுவனத்தில் ஸ்டான்லி விட்டிங்ஹாம் செய்த பேட்டரியில் இருந்தது லித்தியம் உலோகம். ஆய்வகத்தில் தீ விபத்துகள் ஏற்பட்டன. 1989ல் கனடாவின் மோலி எனர்ஜி தயாரித்த லித்தியம் உலோக பேட்டரிகள் தீப்பிடித்ததால் திரும்பப் பெறப்பட்டன. 1991ல் சோனி கார்பனை வைத்து லித்தியம்-அயனி பேட்டரியைக் கடைக்குக் கொண்டுவந்தது. உலகம் பத்து மடங்கு ஆசையைக் கைவிட்டு, பத்திரமான வழியில் போனது.

கோளாறு எங்கே? ஒவ்வொரு முறை சார்ஜ் ஏறும்போதும் லித்தியம் தகட்டின்மேல் படிய வேண்டும். வயலில் மட்டம் பார்த்துத் தண்ணீர் நிற்பதுபோல் அது சமமாகப் படிவதில்லை. எங்கே சிறிது மேடாக இருக்கிறதோ அங்கேயே மேலும் மேலும் சேர்ந்து, பாசி போலவும் ஊசி போலவும் வளர்கிறது. ஊசி எதிர்ப்பக்கத்தைத் தொட்டால் ஷார்ட் சர்க்யூட். தொடாமல் நடுவில் முறிந்தால், முறிந்த துண்டு மின்தொடர்பு இழந்து செத்த லித்தியமாகக் கிடக்கும். இதோடு லித்தியம் தன்னைச் சுற்றியுள்ள திரவத்தோடு வினைபுரிந்து ஒரு தோலையும் போர்த்திக்கொள்கிறது. அந்தத் தோல் வெடிக்க வெடிக்கப் புதுத்தோல் உருவாகிறது. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் லித்தியமும் கொஞ்சம் திரவமும் செலவு.

கொஞ்சம்தானே என்று நினைக்கலாம். ஒரு சுற்றுக்கு நூற்றில் ஒரு பங்கு போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நூறு சுற்றில் மிஞ்சுவது 37 சதவீதம்தான்! ஆயிரத்தில் ஒரு பங்கு மட்டும் போனால் 90 சதவீதம் மிஞ்சும். கந்துவட்டிக் கணக்கு போலத்தான் இதுவும். ஆயுளை நீட்டுவது என்றால் இந்தச் சின்னக் கசிவை அடைப்பது என்றே பொருள்.

இந்தக் கசிவை அடைக்க முயன்றவர்களில் ஒருவர் தமிழர். ஆறுமுகம் மந்திரம் 1951ல் தென் தமிழ்நாட்டின் அமரபுரம் என்ற சிற்றூரில் பிறந்தவர். மதுரையில் படித்து, சென்னை ஐஐடியில் முனைவர் பட்டம் பெற்று, ஆக்ஸ்ஃபோர்டில் ஜான் குட்இனஃபிடம் ஆய்வு செய்தார். 1986ல் அவரோடு டெக்சாஸ் பல்கலைக்கழகத்துக்குப் போனார். 2019ல் குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ மூவருக்கும் வேதியியல் நோபல் கிடைத்தபோது, 97 வயதான குட்இனஃபின் சார்பில் ஸ்டாக்ஹோமில் நோபல் உரை ஆற்றியவர் மந்திரம்தான்.

2020ல் அவருடைய குழு லித்தியம்-கந்தக பேட்டரியில் ஒரு வழி கண்டது. இந்த வகை பேட்டரியில் கந்தகச் சேர்மங்கள் கரைந்து லித்தியம் பக்கம் போய்விடும். வழக்கமாக அது தொல்லை. குழுவினர் கந்தகத்தோடு சிறிதளவு டெல்லூரியம் சேர்த்தார்கள். அதுவும் அதே பாதையில் போய், லித்தியத்தின்மேல் அயனிகளை வழிவிடும் நல்ல தோலாகப் படிந்தது. ஊசிகள் குறைந்தன, ஆயுள் சுமார் நான்கு மடங்கானது. கேடு வந்த வழியிலேயே மருந்தும் போனது!

நாளைக்கே கடைக்கு வந்துவிடுமா என்றால், வராது. டெல்லூரியம் அரிய தனிமம், தாமிரத்தைச் சுத்திகரிக்கும்போது கிடைக்கும் கசடிலிருந்துதான் பெரும்பாலும் எடுக்கிறார்கள். ஆய்வகத்துச் சிறு பேட்டரிக்கும் வண்டியில் பூட்டும் பேட்டரிக்கும் இடையே நீண்ட தூரம் உண்டு.

ஆனால் இந்தத் தூரத்தைக் கடப்பது வெறும் ஆராய்ச்சி விஷயம் அல்ல. ஆழ்வார்திருநகரிக்கும் ஸ்ரீவைகுண்டத்துக்கும் இடையே கடன் வாங்கி மின்சார ஆட்டோ ஓட்ட நினைக்கும் ஒருவர் கேட்கப்போவது ஒரே கேள்விதான்: தவணை முடியும் முன் பேட்டரி முடிந்துவிடுமா? எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்பதைவிட எத்தனை வருடம் ஓடும் என்பதுதான் அவருக்குச் சோறு. உறங்காப்புளியின் ஆயுள் அவருக்கு வேண்டாம். கடைசித் தவணை கட்டிய பிறகும் சில வருடம் வண்டி ஓடினால் போதும்.