மடக்குக் கத்தி வாங்கப் போன கதை



படத்தில் இருக்கும் மூன்று மடக்குக் கத்திகளைப் பார்த்துவிட்டு என் மருமகள், "மாமா, இந்த வயசுல இதெல்லாம் எதுக்கு?" என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். காய் நறுக்க வீட்டில் அரிவாள்மனை இருக்கிறது. பென்சில் சீவப் பேரனிடம் ஷார்ப்னர் இருக்கிறது. பதிலை அவளுக்கு மட்டும் சொல்லாமல் உங்கள் எல்லோருக்கும் சொல்லிவிடுகிறேன்.

1991-ஆம் வருஷம். நான் ஐந்தாம் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு பையன் மடக்குக் கத்தி ஒன்றைக் கொண்டுவந்து, வகுப்பில் எல்லோருக்கும் பென்சில் சீவிக் கொடுத்துக்கொண்டிருந்தான். கறுப்புக் கொம்புப் பிடி, ஒரு விரல் நீள அலகு. பயல்கள் வரிசையில் நின்றார்கள். நான் கத்தியைப் பிடுங்கி மேஜை டிராயரில் போட்டேன். "அப்பாவைக் கூட்டிக்கிட்டு வந்து வாங்கிக்கோ" என்றேன்.

அவன் அப்பாவுக்குத் தோல் ஷெட்டில் தினக்கூலி. வந்தால் அன்றைய கூலி போய்விடும். அவர் வரவில்லை. பையனும் திரும்பக் கேட்கவில்லை. அடுத்த வருஷம் எனக்கு மாறுதல் வந்தது. டிராயரையும் கத்தியையும் அங்கேயே விட்டுவிட்டுப் போனேன். மறந்தும் போனேன்.

போன வருஷம் ஆற்காட்டில் ஒரு கல்யாணத்தில் அவனைப் பார்த்தேன். இப்போது ஷூ கம்பெனியில் கட்டிங் பிரிவில் இருக்கிறான். தலை நரைக்க ஆரம்பித்துவிட்டது. சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து, சிரித்துக்கொண்டே கேட்டான்: "சார், அந்தக் கத்தி இன்னும் இருக்குதா?"

எனக்கு நினைவு வரவே கொஞ்ச நேரம் ஆனது. அவனே சொன்னான். கத்தி அவன் தாத்தாவுடையது. அவர் தோல் லோடோடு பட்டணத்தில் பெரியமேட்டுக்குப் போய்வருவார். தோல் வியாபாரத்துக்குப் பேர்போன அந்த இடத்திலிருந்து மூர் மார்க்கெட் நடக்கிற தூரம். அங்கே வாங்கியது. "தாத்தா சாகுற வரைக்கும் கேட்டுட்டே இருந்தாரு சார். தொலைச்சுட்டேன்னு சொல்லி அடி வாங்குனேன். உங்க பேரைச் சொல்லல" என்றான்.

அதற்கு மேல் அவன் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் சாப்பிட்ட சாப்பாடு இறங்கவில்லை.

அதே கத்தியை இனி வாங்க முடியாது. மூர் மார்க்கெட்டே 1985-இல் தீயில் போய்விட்டது. நம் பக்கத்து மின்சார ரயில் போய் நிற்கும் நிலையத்தின் பெயரில் மட்டும் அது மிச்சம் இருக்கிறது. ஆனால் மகன் குரோம்பேட்டையில் இருக்கிறான். (அந்த ஊருக்குப் பெயர் கொடுத்ததும் தோல்தான். குரோம் லெதர் தொழிற்சாலையால் வந்த பெயர்.) அடுத்த ஸ்டேஷன் பல்லாவரம். அங்கே பழைய டிரங்க் ரோட்டில் வெள்ளிக்கிழமை தோறும் சந்தை. செடி, கோழிக்குஞ்சு, பழைய மிக்ஸி, ஒற்றைச் செருப்பு, எல்லாம் கிடைக்கும். மகன் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் காலையிலேயே அங்கே போய், இரும்புச் சாமான் கொட்டி வைத்திருக்கும் சாக்குகளின் முன்னால் உட்கார்ந்துவிடுவேன்.

முதலில் வாங்கியது ஏமாந்த கத்தி. பளபளப்பைப் பார்த்து 250 ரூபாய் கொடுத்தேன். மாங்காய் வெட்டியதும் ஆட ஆரம்பித்தது. பிறகு, கடை போட்டிருந்த ஒரு பெரியவரே பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். அறுபது வயதுக்கு மேல் நானும் மாணவனானேன். அவர் சொன்னது இதுதான்.

கத்தியைக் கண்ணால் பார்ப்பதற்கு முன் காதால் கேட்க வேண்டும். மெதுவாகத் திறந்தால், கடைசியில் 'டக்' என்று தானே போய் நிற்க வேண்டும். முதுகில் இருக்கும் ஸ்பிரிங்தான் கத்திக்கு உயிர். அது தளர்ந்திருந்தால் வெட்டும்போது விரல் மேலேயே மடங்கும். அடுத்து, அலகின் நுனியைப் பிடித்து இரு பக்கமும் ஆட்டிப் பார்க்க வேண்டும். மடக்கினால் முனை பிடிக்குள் முழுவதும் அடங்க வேண்டும். வெளியே எட்டிப் பார்த்தால் சட்டைப்பை கிழியும்.

துருவுக்குப் பயப்பட வேண்டாம். மேலோட்டமான துரு எண்ணெயில் ஊறவைத்துத் தேய்த்தால் போய்விடும். குழி விழுந்திருந்தால் விட்டுவிட வேண்டும். பலமுறை சாணை பிடித்து மெலிந்த அலகும் வேண்டாம். கறுத்த அலகை ஒதுக்கக் கூடாது. பழைய எஃகு புளிப்புப் பட்டால் கறுக்கும், ஆனால் நன்றாகக் கூர்மை பிடிக்கும். பெயரைப் பார்த்தும் காசு கொடுக்கக் கூடாது. நட்சத்திரமும் சிலுவையும் பொறித்த ஷெஃபீல்டு ராட்ஜர்ஸ் கத்திக்கு ஒரு காலத்தில் ஏக மதிப்பு. மதிப்பு இருந்ததால் போலியும் நிறைய வந்தது. மான்கொம்புப் பிடி என்று சொன்னால் தொடவே கூடாது, இன்று அதை வாங்குவது சட்டப்படி குற்றம்.

இப்படித் தேடியதில் நாலாவது மாதம் ஒன்று அகப்பட்டது. படத்தில் நடுவில் இருப்பது. எருமைக்கொம்புப் பிடி, ஒரு ஓரத்தில் சின்ன விரிசல், அலகெல்லாம் துரு. ஆனால் 'டக்' என்ற சத்தம் சுத்தமாக இருந்தது. 120 ரூபாய். இரண்டு நாள் தேங்காய் எண்ணெயில் போட்டுத் துடைத்தேன். மூட்டில் ஒரு சொட்டுத் தையல் மிஷின் எண்ணெய் விட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்குக் கொண்டுபோனேன். அவன் வாங்கி, காதருகே வைத்துத் திறந்தான். நுனியைப் பிடித்து ஆட்டினான். எனக்கு யாரோ சொல்லித்தர வேண்டியிருந்தது, அவனுக்குக் கையே சொன்னது. "ஸ்பிரிங் நல்லா இருக்குது சார்" என்றான். கொஞ்சம் பொறுத்து, "தாத்தாது கொஞ்சம் சின்னது" என்றான்.

"தெரியும்பா. இது அது இல்லை" என்றேன். வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த வார்த்தை வாயில் வரவில்லை. "அன்னிக்கு சாயங்காலமே உங்கிட்ட குடுத்து அனுப்பியிருக்கணும்" என்று மட்டும் சொன்னேன். அவன் தலையை ஆட்டிக்கொண்டான். பிறகு மகனைக் கூப்பிட்டு, "இது எங்க சார் குடுத்தது. பத்திரமா வெச்சுக்கோ. பள்ளிக்கூடத்துக்கு மட்டும் எடுத்துட்டுப் போயிடாதே" என்றான். மூன்று பேரும் சிரித்தோம்.

பிள்ளைகளே, முப்பது வருஷத்துக்கு மேல் வாத்தியார் வேலை பார்த்திருக்கிறேன். அந்த டிராயரில் கத்தி மட்டும் இருந்திருக்காது. பம்பரம், கோலி, சினிமாப் படம், யாருடைய கடிதமோ. உங்களிடம் ஏதாவது வாங்கிவைத்துத் திருப்பித் தராமல் விட்டிருந்தால், கூச்சப்படாமல் எழுதுங்கள். பல்லாவரம் சந்தை இன்னும் வெள்ளிக்கிழமை தோறும் நடக்கிறது. எனக்கும் நேரம் இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்,
திமிரி.