தோத்தா எழுந்திரிக்கணும்!

போன வாரம் ஆழ்வார்பேட்டை பக்கம் ஒரு வேலை. வழக்கம்போல் நடக்கவில்லை. சும்மா திரும்புவானேன் என்று கஸ்தூரி ரங்கன் சாலைக்குப் போய் ரஷ்ய கலாசார மையத்து வாசலில் நின்றேன்.

''என்ன சார், ரஷ்யன் கிளாஸா?'' என்றார் வாட்ச்மேன்.

''இல்லீங்க, சும்மா பார்க்கலாம்னு...''

''இங்க பார்க்க என்ன இருக்கு?''

இருக்கிறது! சோவியத் காலத்தில், 1972-ல் மானுவல் ஆரோன் ஆரம்பித்த 'டால் செஸ் கிளப்' இந்த மையத்தில்தான் நடந்தது. ஆறு வயசில் அம்மா சுசீலாவிடம் செஸ் கற்றுக்கொண்ட ஒரு பொடியன் அங்கே ஆட வந்தான். பெயர், ஆனந்த்.

கிளப்பில் ஒரு சட்டம். ஜெயிச்சவன் உட்காரலாம், தோத்தவன் எழுந்து வரிசையில் கடைசிக்குப் போகணும். டவுன் பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தவன் லேசில் எழுந்திருப்பானா? பையன் மின்னல் வேகத்தில் ஆடக் கற்றதன் ரகசியம் அந்த நாற்காலிதான் என்பது என் கட்சி.

1988-ல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர். 2000-ல் டெஹ்ரானில் முதல் உலகப் பட்டம், மொத்தம் ஐந்து. நடுவில் லயோலாவில் பி.காம். வேறு. நானும் பி.காம்.தான். ஒற்றுமை அத்தோடு சரி.

அங்கிருந்து பொடிநடையாக அண்ணா சாலை. 2013 நவம்பர் 22-ம் தேதி, இங்கே ஒரு நட்சத்திர ஓட்டலில்தான் நம்ம ஆனந்த், 22 வயது கார்ல்சனிடம் பட்டத்தைப் பறிகொடுத்தார். ஆறரைக்கு மூன்றரை. அதுவும் சொந்த ஊரில்! அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆனால், அந்தப் போட்டியைக் கண்ணாடித் தடுப்புக்கு வெளியே இருந்து ஏழு வயசுப் பையன் ஒருவன் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். குகேஷ். பிற்பாடு அவனுக்கு வழிகாட்டியவர்களில் ஆனந்தும் ஒருவர். 2024 டிசம்பரில், சிங்கப்பூரில், 18 வயசில் குகேஷ் உலக சாம்பியன்! எழுந்தவர் வீட்டுக்குப் போய்விடவில்லை. பக்கத்திலேயே நின்று, அடுத்தவனை உட்கார வைத்திருக்கிறார்.

திரும்பும்போது பஸ்ஸில் அதிசயமாக ஜன்னல் சீட். சைதாப்பேட்டையில் முதுகை வளைக்கும் புத்தகப் பையோடு ஒரு பொடியன் ஏறினான்.

''உட்காருப்பா'' என்று எழுந்தேன்.

''நீங்க அடுத்த ஸ்டாப்பா அங்கிள்?''

''இல்லப்பா... தோத்துட்டேன்!''