பாட்டிலுக்குள் அடங்கிய கடல்

டிசம்பர் மாதம். மணப்பாடு கடற்கரையில் படகுகள் மணலில் ஏறி வரிசையாக நிற்கின்றன. தூத்துக்குடி துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியாகிவிட்டது. நாலு நாளாக யாரும் கடலுக்குப் போகவில்லை. போகாத நாளில் காசும் இல்லை. கிறிஸ்துமஸுக்கோ இன்னும் ஒரு வாரம்தான்.

அந்த வீட்டில் நாலு வயதுப் பையனுக்கு வேறு கவலை. ராத்திரி காற்று கதவை ஆட்டும்போதெல்லாம் எழுந்து உட்கார்ந்துவிடுகிறான்.

"அம்மா, கடல் வீட்டுக்குள்ள வந்துருமா?"

"வராதுய்யா, படு" என்று எத்தனை முறைதான் சொல்வது? அம்மாவுக்கும் தூக்கம் போனது. அப்பா, பகல் முழுக்க வலையைப் பிரித்துப் பிரித்துத் தைத்துக்கொண்டிருந்தார். புதுச்சட்டை பற்றி வீட்டில் யாரும் பேச்சே எடுக்கவில்லை.

அப்போதுதான் அம்மா செல்போனில் 'சென்சரி பாட்டில்' வீடியோ ஒன்றைப் பார்த்தார். பாட்டிலுக்குள் நீர், எண்ணெய், மினுக்கும் பொருட்கள். குழந்தை குலுக்கிவிட்டு, எல்லாம் மெல்ல அடங்குவதைப் பார்க்கும். அதைப் பார்த்துக்கொண்டே அதன் மனமும் அடங்கும். கடையில் வாங்க வேண்டாம், காலி பாட்டில் வீட்டிலேயே இருக்கிறதே!

முதல் பாட்டில்: அலை

அரை லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலில் பாதிவரை தண்ணீர். அதில் கேசரிக்குப் போடும் கலர் மாதிரி, நீல நிறத்தில் இரண்டு சொட்டு. மீதிப் பாதிக்கு ரீஃபைண்டு சூரியகாந்தி எண்ணெய். தேங்காய் எண்ணெய் என்றால் மார்கழிக் குளிரில் உறைந்துவிடும். நீரைவிட எண்ணெய் அடர்த்தி குறைவு, இரண்டும் கலக்காது. கலரும் நீரில் மட்டும்தான் கரையும். படுக்கவைத்து ஆட்டினால் கீழே நீலக்கடல், மேலே மாலை வெயில்.

இரண்டாவது பாட்டில்: குடில்

இது பையனின் வேலை. திருச்சிலுவை ஆலயம் நிற்கும் மணல்குன்றின் அடியில் கொஞ்சம் மணல் அள்ளினான். 1542-ல் இந்தக் கரைக்கு வந்த புனித சவேரியார் தங்கியதாகச் சொல்லும் குகை அங்கேதான் இருக்கிறது. காலிச் சிப்பிகள் மட்டும் பொறுக்கினான். பவளத் துண்டு, கடற்குதிரை கிடைத்தாலும் எடுக்கக் கூடாது. அவை வனவிலங்குச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்டவை.

மழையில் ஈரம் காயாதே! மணலை இரும்புச் சட்டியில் வறுத்து ஆறவைத்தார் அம்மா. பனை ஓலை முடைவது அவர் கைத்தொழில். வெட்டி மிஞ்சிய ஓலையில் நகக்கண் அளவு நட்சத்திரங்கள் நறுக்கினார். மணல், சிப்பி, ஐந்து நட்சத்திரம் எல்லாம் பாட்டிலுக்குள் போயின. முக்கால் பாகத்துக்கு மேல் நிரப்பக் கூடாது. அப்போதுதான் உருட்டும்போது நட்சத்திரம் மறையும், தெரியும். பளபளப்புத் தூள் வேண்டாம் என்று விட்டுவிட்டார். அது பிளாஸ்டிக். என்றாவது பாட்டில் உடைந்தால் கடலுக்குத்தான் போய்ச் சேரும்.

கவனம் அம்மாக்களே!

மூடியை வலுவான பசை வைத்துப் பெரியவர்களே ஒட்டி, மேலே டேப் சுற்றுங்கள். ஒருநாள் கவிழ்த்து வைத்துக் கசிகிறதா என்று பாருங்கள். தண்ணீரில் ஊறிப் பெருக்கும் ஜெல் மணிகளையும் பட்டன் பேட்டரியையும் போடவே வேண்டாம். விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. மூன்று வயதுக்குக் கீழே என்றால் சிப்பிகூட வேண்டாம், பெரியவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

அன்று ராத்திரியும் காற்று அடித்தது. பையன் எழுந்து உட்கார்ந்தான். அம்மா அலை பாட்டிலைக் கையில் கொடுத்தார்.

"நீயே ஆட்டு. பெறகு ஆட்டாம வெச்சுப் பாரு."

ஆட்டினான். நீலம் பொங்கியது, நுரை நுரையாக உடைந்தது. பாயில் வைத்தான். கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது. மறுபடி ஆட்டினான். நாலாவது முறை, "கடலு தூங்கிருச்சும்மா" என்று சொல்லிவிட்டு அவனும் தூங்கிப்போனான்.

புதுச்சட்டைக்கு இன்னும் வழி பிறக்கவில்லை. குடில் பாட்டில் மட்டும் ஜன்னலோரம் தயாராக நின்றது.

விடியற்காலை அம்மா எழுந்தபோது அப்பா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். வலை ஓரமாகக் கிடந்தது. அவர் கையில் அலை பாட்டில். ஒருமுறை ஆட்டிவிட்டு, அது அடங்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார்.