நுண்கணிதமின்றி இயற்பியல் வேதியியல்

ஒரு பாடத்தைத் தொடங்குமுன் கற்றிருக்க வேண்டிய வேறொரு பாடத்தை முன்தேவைப் பாடம் என்பர். அதனை முடிக்காதவருக்கு அனுமதி மறுக்கும் கட்டாய வகை, முடித்திருப்பது நலம் என்று அறிவுறுத்தும் பரிந்துரை வகை என அது இருவகைப்படும். கட்டாய வகையில் முடிவெடுக்கும் பொறுப்பு கல்லூரியுடையது. பரிந்துரை வகையில் அப்பொறுப்பு மாணவரைச் சேர்வதால், எதனை இழக்கிறோம் என்று ஆராயாமலே அப்பரிந்துரையைக் கடந்து செல்வோர் பலர்.

தமிழ்நாட்டின் மேல்நிலைப் பள்ளியில் கணிதம் இல்லாத அறிவியல் பிரிவில் பயின்று, பின்னர் இளநிலை வேதியியலில் சேரும் மாணவர்களுக்குக் கரிம வேதியியலில் பெரிதாகத் தோன்றாத கணித முன்னறிவுக் குறை, இயற்பியல் வேதியியலில் வெளிப்படுகிறது. வினைகளின் வேகத்தை ஆராயும் வேகவியலும், வெப்பம், வேலை ஆகியவற்றின் தொடர்பை ஆராயும் வெப்ப இயக்கவியலும், மாறும் அளவுகளின் மாறுவீதத்தையும் அம்மாற்றங்களின் கூட்டுத்தொகையையும் கணிக்கும் நுண்கணிதத்தைச் சார்ந்து நிற்பவை.

ஆயினும் இக்குறை எல்லா இடங்களிலும் ஒரே அளவில் தடையாவதில்லை. முதல் வகை வினையில், வினைபடுபொருள் குறையும் வேகம் அந்நேரத்தில் எஞ்சியுள்ள செறிவுக்கு நேர்விகிதத்தில் அமைகிறது. செறிவு இருமடங்கானால் வேகமும் இருமடங்காகும் என்று சிந்திப்பவர், செறிவு பாதியாகக் குறைய ஆகும் அரைவாழ் காலம் தொடக்கச் செறிவைச் சார்ந்ததன்று என்பதை நுண்கணிதமின்றியே உணரலாம். ஆனால் 0.693 என்னும் எண்ணை வேக மாறிலியால் வகுத்தால் அக்காலம் கிடைப்பது ஏன் என்று அறிய, தொகையீடும் 2-இன் இயல் மடக்கையும் தெரிந்தாக வேண்டும். அவற்றை அறிந்தவருக்குப் பூஜ்ய வகை, முதல் வகை, இரண்டாம் வகை வினைகளின் சூத்திரங்கள் ஒரே செயல்முறையின் மூன்று விளைவுகள். அறியாதவருக்கு மனப்பாடம் செய்ய வேண்டிய மூன்று தனிச் சூத்திரங்கள்.

வெப்ப இயக்கவியலில் இந்த வேறுபாடு மேலும் கூர்மையடைகிறது. அக ஆற்றலின் மாற்றம் தொடக்க, இறுதி நிலைகளை மட்டும் சார்ந்தது என்பதும், வெப்பமும் வேலையும் மாற்றம் நிகழும் வழியைச் சார்ந்தவை என்பதும் சொல்விளக்கத்தாலேயே புரியக்கூடியவை. அழுத்தம், வெப்பநிலை போன்ற அளவுகளின் மாற்றங்களை இணைக்கும் மாக்ஸ்வெல் தொடர்புகளோ, பல மாறிகளுள் ஒன்றை மட்டும் மாற்றி மற்றவற்றை நிலையாக வைத்துக் கணிக்கும் பகுதி வகைக்கெழுவை அறியாதவருக்கு வெறும் குறியீட்டு வரிகளே. சூத்திரத்தில் எண்களைப் பொருத்தும் வினாக்கள் மிகுந்த தேர்வில் இத்தகைய மாணவர் தேர்ச்சி பெற்றுவிடக்கூடும். ஆனால் அத்தேர்ச்சி மறைத்த குறை, வகைக்கெழுச் சமன்பாடான ஷ்ரோடிங்கர் சமன்பாட்டில் தொடங்கும் குவாண்டம் வேதியியலில் மீண்டும் தலைதூக்கும்.

பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட இளநிலைப் பாடத்திட்டக் கட்டமைப்பு, 0 முதல் 99 வரையிலான பாட எண்களை முன்தேவைப் பாடங்களுக்கு ஒதுக்கி, கிரெடிட் இல்லாமல் தேர்ச்சி அல்லது தோல்வி மட்டுமே அவற்றில் குறிக்கப்படும் என்றும், சில கல்லூரிகள் முறைசாராமல் நடத்திவந்த பிரிட்ஜ் கோர்ஸ் வகுப்புகளின் இடத்தை அவை பெறும் என்றும் வகுத்துள்ளது. இவ்வேற்பாடு பயன்தர வேண்டுமானால், எந்த அலகுக்கு எந்தக் கணிதக் கருத்து தேவை என்பதை ஆசிரியர்கள் பாடத்திட்டத்திலேயே குறிப்பிட வேண்டும். இயற்பியல் வேதியியலின் தொடக்க அலகுகளுக்கு வேண்டுவது கணிதத்துறை முழுவதும் அன்று. வகைக்கெழு, தொகையீடு, மடக்கை, பகுதி வகைக்கெழு ஆகிய சில கருத்துகளே. அவற்றைப் பருவத்தின் முதல் வாரங்களிலேயே கற்க முன்வரும் மாணவர் தயங்காமல் சேரலாம்; அதற்கு நேரம் ஒதுக்க இயலாதவர் ஒரு பருவம் தள்ளிச் சேர்வதே அறிவுடைமை.