உதிர்ந்ததும் முளைத்ததும்

கூந்தலுக்குத் தமிழ் இட்டு வழங்கிய பெயர்கள் பல. குழல், ஓதி, கதுப்பு, அளகம், ஐம்பால் எனப் புலவர் பெருமக்கள் பாடிக் களித்துள்ளனர். குறுந்தொகையின் இரண்டாம் பாட்டே தலைவியின் கூந்தல் மணத்தைப் பற்றியதுதான். அப்பாட்டைச் சுற்றி எழுந்த இறையனார் நக்கீரர் வழக்கைத் திருவிளையாடற் புராணம் விரித்துரைக்கிறது. அதே கூந்தலின் ஓரிழை சோற்றில் கிடந்துவிட்டால் பெயர் மாறிவிடுகிறது. அளகமும் ஐம்பாலும் தலையில் இருக்கும் வரைதான்.

இச்சொல் விந்தையை வகுப்பில் பலமுறை நகைச்சுவையாகச் சொல்லியிருக்கிறோம். 2022 ஆம் ஆண்டில் அடிவயிற்றில் ஓர் அறுவை செய்துகொண்ட மூன்றாம் திங்களில், அது நகைச்சுவையாகத் தோன்றவில்லை.

காயம் ஆறி, பணிக்கும் திரும்பியாயிற்று. இனி அஞ்ச ஒன்றுமில்லை என்றிருந்த வேளையில், ஒளுச் செய்யும்போது ஈரக்கையால் தலையைத் தடவ, உள்ளங்கையில் இழைகள் ஒட்டிக்கொண்டு வந்தன. சுபுஹுக்குப் பத்து, லுஹருக்குப் பத்து. சீப்பில் வந்ததைக் கணக்கிட மனம் துணியவில்லை. தொழுகைக்கு ஆயத்தமாகும் ஐந்து வேளையும் நம் இழப்பை நாமே கையில் ஏந்திக் காண நேர்ந்தது.

“முக்காட்டுக்குள் இருப்பதுதானே, யார் பார்க்கப் போகிறார்கள்?” என்று தேற்றியவர் உண்டு. அத்தேறுதல் நம்மைத் தேற்றவில்லை. ஊரார் காணாத ஒன்று என்பதனாலேயே கூந்தல் நமக்கு நெருங்கிய உடைமையாயிருந்தது. வெந்தயமும் கறிவேப்பிலையும் இட்டுக் காய்ச்சிய எண்ணெய் தேய்த்து, உம்மா பின்னி வளர்த்த கூந்தல் அது. மாமி கண்ணேறு என்றார். உடன் பணியாற்றும் பேராசிரியர் ஒருவர் ஆழ்குழாய் நீரின் உப்பு என்றார். அந்நாள்களில் திருக்குறளில் மானம் அதிகாரத்தை நடத்தும் முறை வந்தது. நிலை தாழ்ந்தவரைத் தலையைவிட்டு நீங்கிய மயிருக்கு வள்ளுவர் ஒப்பிடும் குறள் அவ்வதிகாரத்தில்தான் உள்ளது. உரையைச் சுருக்கமாகச் சொல்லி அடுத்த குறளுக்குச் சென்றோம்.

தோல் மருத்துவர் சொன்ன விளக்கம் வேறாக இருந்தது. மனிதர் தலையில் ஏறத்தாழ 1 இலட்சம் மயிர்கள் உள்ளன. எந்நேரமும் அவற்றில் பெரும்பகுதி வளர்ந்துகொண்டிருக்க, பத்தில் ஒரு பங்கு அளவு ஓய்வில் இருக்கும். நாளொன்றுக்கு 50 முதல் 100 வரை உதிர்வது இயல்பு. அறுவை, கடுங்காய்ச்சல், மகப்பேறு, மிகுந்த குருதியிழப்பு போன்ற பெருஞ்சோதனை நேரும்போது, வளரும் மயிர்க்கால்களில் பல ஒருசேர வளர்ச்சியை நிறுத்தி ஓய்வுக்குச் சென்றுவிடுகின்றன. உயிரைக் காக்க வேண்டிய நேரத்தில் கூந்தலை வளர்ப்பது உடலுக்கு முதற்கடமை அன்று. ஆனால் ஓய்வுக்குச் சென்ற மயிர் உடனே வீழ்வதில்லை. இரண்டு மூன்று திங்கள் மயிர்க்காலிலேயே தங்கியிருந்து பின்னர் உதிர்கிறது. காரணம் மறந்துபோன பின்னர் விளைவு வந்து நிற்கிறது. கண்ணேறும் ஆழ்குழாய் நீரும் வீண்பழி சுமப்பது இதனாலேயே. 1961 ஆம் ஆண்டிலேயே அமெரிக்கத் தோல் மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மன் இதனை விளக்கி, ‘டெலோஜன் எஃப்ளூவியம்’ எனப் பெயரிட்டு எழுதியுள்ளார். கொரோனாக் காய்ச்சலிலிருந்து மீண்டவர் பலர் 2020, 2021 ஆம் ஆண்டுகளில் முடி உதிர்ந்து கலங்கியதும் இவ்வகையே.

மயிர்க்கால் அழிவதில்லை என்பதே இதில் தலையாய செய்தி. உதிர்வு பெரும்பாலும் ஆறு திங்களுக்குள் தானே அடங்கிவிடும். நீடித்தால் இரும்புச் சத்து, தைராய்டு ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். நமக்கு இரும்புச் சத்து குறைந்திருந்தது; அதற்கு மாத்திரை தந்தார். இம்மலரைப் படிக்கும் மாணவியர்க்கு ஒன்று சொல்லி வைப்போம். முடி வளர்க்கும் என்று கடையில் விற்கும் பயோட்டின் மாத்திரைகள் தைராய்டுச் சோதனையின் முடிவைப் பிறழக் காட்டக்கூடும். அவற்றை உண்பவர் சோதனைக்கு முன் மருத்துவரிடம் தெரிவித்தல் வேண்டும்.

அறுவை முடிந்து வீடு திரும்பியபோது மருத்துவமனையார் தந்த தாளில் தையல் நனையலாகாது, பளு தூக்கலாகாது என அறிவுரைகள் நிறைய இருந்தன. மூன்றாம் திங்களில் முடி உதிரும், அஞ்ச வேண்டா என்னும் ஒரு வரி அதில் இல்லை. அவ்வொரு வரி இருந்திருப்பின் எத்தனை இரவுகளின் உறக்கம் மிஞ்சியிருக்கும்! இப்போதெல்லாம் உறவினர் எவரேனும் அறுவைக்குச் செல்வதாகக் கேள்வியுற்றால், நலம் கேட்டு துஆச் செய்வதோடு இதனையும் சொல்லியே விடைபெறுகிறோம்.

ஐந்து திங்கள் உதிர்ந்தபின் தணிந்தது. திங்களுக்கு ஏறத்தாழ 1 செ.மீ. வளரும் என்று மருத்துவர் சொன்ன கணக்குப்படியே, நெற்றியோரத்தில் குறுமயிர்கள் முக்காட்டுக்குள் அடங்காமல் நீட்டிக்கொண்டு நின்றன. முதலில் கண்டவர் உம்மா. “அல்ஹம்துலில்லாஹ், என் எண்ணெய் வேலை செய்துவிட்டது” என்று கிண்ணத்தை எடுத்துவர உள்ளே சென்றார். எண்ணெய்க்கும் இதற்கும் தொடர்பில்லை என்று மருத்துவர் உரைத்ததை நாம் அவரிடம் சொல்லவில்லை.