ஏற்றலும் இறக்கலும்

தேடிச் சேர்த்தலோடு காத்தல் நிறைவுறும் என்று எண்ணுவோர் பலர். சேர்த்ததை முறைப்படி கட்டி முடித்தலும் காத்தலின் பாற்பட்டதே. கலைப்பீடத்திற் பயிலும் எனக்கு இதனைத் தெளிவித்தவை லினக்ஸ் இயங்குதளத்தின் இரு சிறு கட்டளைகள்.

எங்கள் குடும்பம் கிளிநொச்சி மாவட்டத்தது. 2008, 2009 ஆம் ஆண்டுகளில் வன்னி மக்கள் ஊரூராக இடம்பெயர்ந்த வேளை, அம்மா இறுதிவரை கைவிடாது சுமந்தது பத்திரங்கள் கட்டிய பொலித்தீன் பையொன்றை. பிறப்புச் சான்றிதழ்களும், 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ்ப் பாட்டனாருக்கு வழங்கப்பட்ட அனுமதிப்பத்திரமும் அதனுள் இருந்தன. குடியேற்றத் திட்டங்களில் வாழ்வோர்க்கு அத்தாளே நிலத்துக்குச் சான்று. மடிப்புகள் கிழியத் தொடங்கவே, அனைத்தையும் ஸ்கான் செய்து வெளி வன்தட்டொன்றிற் சேமித்தேன்.

வன்தட்டின் பரப்பைப் பிரிவுகளாக வகுத்தல் வழக்கம். 'எல்எஸ்பிஎல்கே' என்னும் கட்டளை அப்பிரிவுகளை நிரற்படுத்திக் காட்டும். வெற்றுக் கோப்புறையொன்றை வாயிலாக அமைத்து, 'மவுண்ட்' என்னும் கட்டளையோடு பிரிவையும் வாயிலையும் சுட்டினால், தட்டிலுள்ளவை அவ்வாயிலின்கண் தோன்றும். இஃது ஏற்றல். பார்வையிடல் மட்டுமே நோக்கமாயின் 'வாசிக்க மட்டும்' என்னும் நிபந்தனையுடன் ஏற்றலாம். கைதவறியும் கோப்புகளில் ஓரெழுத்து மாறாது. 'யுமவுண்ட்' என்பது இறக்கல். அதன்பின் கோப்புறை வெறுமையாகும், தட்டிலுள்ளவை அழிவதில்லை. 1971 இல் வெளிவந்த யுனிக்ஸ் முதற்பதிப்புக் கைந்நூலிலேயே இவ்விரு கட்டளைகளும் உள்ளன.

இறக்காது வயரைப் பிடுங்கினால் நேர்வது யாது? எழுதியதாகக் கணினி கூறுவன யாவும் உடனே தட்டைச் சென்றடைவதில்லை. வேகத்தின் பொருட்டு ஒரு பகுதி நினைவகத்திற் காத்திருக்கும். படியெடுத்தல் முடிந்ததெனத் திரை சொல்லும். அனுமதிப்பத்திரத்தின் கடைசிப் பக்கமோ தட்டை எட்டாதிருக்கலாம். அவ்வெச்சத்தை எழுதி முடித்த பின்னரே 'யுமவுண்ட்' விடைதரும். கோப்பொன்று திறந்திருப்பினும், நம் முனையச் சாளரமே அக்கோப்புறையினுள் நிற்பினும், பயன்பாட்டில் உள்ளதென்று கூறி மறுத்துவிடும். கோப்பை மூடி, கோப்புறையை விட்டு வெளியேறி, மீண்டும் கேட்டல் வேண்டும்.

ஒரே இடத்திற் காத்த செல்வத்தின் கதியை நாம் அறிவோம். 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. ஆதலின் இரண்டாவது தட்டொன்றிலும் படியெடுத்து உறவினர் வீட்டில் வைத்துள்ளேன். அதனையும் முறைப்படி இறக்கிய பின்னரே கழற்றினேன்.

இறக்கற் கட்டளை விடைதரச் சில நொடிகள் செல்லும். அந்நொடிகளைப் பொறாது வயரில் கைவைக்கும் நண்பர் உளர். அவர்களுக்கு நான் சொல்வது ஒன்றே: எழுதி முடிக்கவும், மூடிவைக்கவும், எடுத்துச் செல்லவும் அவகாசம் வாய்த்தல் சிறிய பேறன்று. ஊரைவிட்டெழுந்த வன்னி மக்கள் பலர்க்கு அது வாய்க்கவில்லை.