மானிப்பாய் வீதியிலே மூன்று மொழிகள்

யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்து மானிப்பாய் நோக்கிச் செல்லும் வீதியிலே, வண்ணார்பண்ணையைக் கடந்து ஒட்டுமடத்தை அடையுமுன், இடப்புறமாகப் பிரியும் ஒழுங்கைகள் சில உண்டு. அவை சோனகர் தெருவுக்கும் ஐந்துசந்திப் பக்கத்துக்கும் இட்டுச் செல்வன. இளமையில் நாம் வாழ்ந்த வீடு அவ்வொழுங்கைகளுள் ஒன்றின் தலைப்பில் இருந்தது. அடுத்த வளவு ஓர் இஸ்லாமியக் குடும்பத்தாருடையது. இரு வளவுகளுக்கும் இடையிலே கிடுகு வேலி. அவ்வேலியிலே, பெரியோர் எத்தனை முறை அடைத்தாலும் மறுநாளே திறந்துகொள்ளும் ஒரு பொட்டு. அந்தப் பொட்டின் வழியாகத்தான் எமது நட்பு வளர்ந்தது.

அந்நண்பர் சென்ற ஆவணியில் யாழ்ப்பாணம் வந்திருந்தார். அவர் இப்பொழுது வளைகுடா நாடொன்றிலே அரபு மொழி பேசுவோருக்கு ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர். காணி உறுதி ஒன்றைப் பற்றிய அலுவலாக வந்தவர், கைப்பையிலே ஒரு தடித்த கொப்பியையும் கொண்டுவந்தார். அன்றாட வாழ்விலே வழங்கும் ஆங்கிலச் சொற்களையும் சொற்றொடர்களையும் அரபு மாணாக்கருக்கு விளக்கும் சிறு நூலொன்றை அவர் எழுதிக்கொண்டிருக்கிறார். நாமும் இருபது ஆண்டுகளாகக் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்துச் சலித்தவராதலால், அக்கொப்பியைப் பார்க்க ஆவலுற்றோம். வீட்டிலிருந்து பேசுவதிலும் வெளியே சென்று பேசுவது நன்றென்று, மறுநாட் காலை இருவரும் துவிச்சக்கரவண்டிகளில் மானிப்பாய்க்குப் புறப்பட்டோம்.

வழியெல்லாம் ஆங்கிலப் பேச்சே. அரபியர் ஆங்கிலத்திற் படும் பாட்டை அவர் சொல்லச் சொல்ல, நமது வகுப்பறையையே கண்ணெதிரே கண்டோம். அரபியிலே 'அவர் ஆசிரியர்' என்பதற்கு 'ஹுவ முதர்ரிஸ்' என்ற இரண்டு சொற்கள் போதும். தமிழிலும் இரண்டே போதும். ஆங்கிலேயரோ இடையிலே 'ஈஸ்' என்று ஒரு முளையை அடித்தாலன்றி வாக்கியம் நில்லாது என்பர். அம்முளையை அவர் மாணாக்கரும் மறக்கின்றனர். எம் மாணாக்கரும் மறக்கின்றனர். ஆனால் 'த' என்னும் சுட்டிலே இருவரும் எதிரெதிர்த் திசையினர். அரபியர் தம் மொழியில் 'அல்' என்பதைத் தாராளமாக வழங்கிப் பழகியவர்கள். அன்பு, வாழ்வு, அறிவு என்பவற்றுக்கும் அதைச் சூட்டுவர். ஆகவே ஆங்கிலத்திலும் வேண்டாத இடமெல்லாம் 'த' பெய்வர். நமக்கோ அப்படி ஒரு சொல்லே இல்லை. வேண்டிய இடத்திலும் விட்டுவிடுவோம். இரு வகுப்பினரையும் ஒரே வாங்கில் இருத்தினால் கணக்குச் சரியாகிவிடும் என்றார் நண்பர்.

ஒலிகளின் கதை இன்னும் சுவையானது. அரபியிலே உதடுகளை மூடி வெடித்துத் திறக்கும் ஒலிகளுள் அழுத்தமானது ஒன்றே உண்டு. மெல்லியதாய்க் காற்றோடு வருவது இல்லை. ஆகவே ஒரு சிறுவன் 'பூங்காவுக்குப் போனேன்' என்று ஆங்கிலத்தில் எழுத எண்ணி, 'குரைப்புக்குப் போனேன்' என எழுதிவிட்டானாம். அவ்விரு சொற்களையும் இங்கே எழுதிக் காட்டலாம் என்றால், நமது நிலை அதனினும் இரங்கத்தக்கது. தமிழ் நெடுங்கணக்கிலே இரண்டுக்கும் ஒரே 'பா' தான். 'பார்க்' என்று நாம் எழுதினால் அது பூங்காவா, நாயின் குரைப்பா என்பதை வாசகரே ஊகித்துக்கொள்ள வேண்டும். அது போதாதென்று நம்மூரார் 'ரீச்சர்' என்று எழுதி வேறொன்றாக வாசிப்பதையும், தமிழ்நாட்டு அன்பர்கள் அதைக் கண்டு திகைப்பதையும் நாம் பலமுறை கண்டதுண்டு.

ஆனைக்கோட்டையில் ஒரு தேநீர்க்கடையில் இறங்கினோம். இஞ்சி போட்ட வெறுந்தேநீர் வந்தது. நண்பர் கோப்பையைக் காட்டி, "என் புத்தகத்தின் முதற் பாடம் இதுதான்" என்றார். ஆங்கிலத்தின் 'ஜிஞ்சர்', அரபியின் 'ஸஞ்சபீல்' ஆகிய இரண்டும் நமது இஞ்சியும் வேரும் சேர்ந்த பழஞ்சொல்லிலிருந்து, பாளி முதலான மொழிகளின் வழியாகப் பயணம் செய்தவை என்று மொழிநூலார் கூறுவர். சீனியும் அவ்வாறே. வடமொழியின் 'சர்க்கரா' நமக்குச் சர்க்கரையாயிற்று. பாரசீகத்தின் வழியே அரபியரிடம் சென்று 'சுக்கர்' ஆயிற்று. அவர்களிடமிருந்து ஐரோப்பாவுக்குப் போய் ஆங்கிலத்தில் 'சுகர்' ஆயிற்று. ஒரு மாணாக்கன் தன் வீட்டுச் சொல்லே வேற்றுடையில் நிற்கின்றது என்று கண்டுகொண்டால், மொழியைப் பற்றிய அச்சத்திற் பாதி நீங்கிவிடும் என்பது அவர் கட்சி. நாம் அதை முற்றாக ஒப்பவில்லை. முகம் தெரிந்த சொல் பொருளை மாற்றிக்கொண்டு வந்து ஏமாற்றுவதும் உண்டன்றோ?

அதற்கு நாம் காட்டிய சான்று 'மகசீன்'. அரபியிலே 'மகாஸின்' என்றால் பண்டசாலைகள். ஆங்கிலத்திலே அது வெடிமருந்துச் சாலையாயிற்று. பின்னர்ப் பல செய்திகளைத் திரட்டிவைக்கும் இதழுக்கும் பெயராயிற்று. இந்த ஞாயிற்று மலரும் அவ்வகையைச் சேர்ந்ததே. ஆனால் யாழ்ப்பாணத்திலே எமது பராயத்துப் பிள்ளைகள் அச்சொல்லை முதலிற் கேட்டது துப்பாக்கியிலே செருகும் தோட்டாக்கூட்டின் பெயராகத்தான். நண்பர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, அச்சொல்லைத் தம் நூலிலே சேர்க்கவில்லை என்று மட்டும் சொன்னார்.

கடைக்காரர் கணக்கை ஒரு கடதாசித் துண்டிலே எழுதித் தந்தார். அதுவும் பாடமாயிற்று! 1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர், கதிரை, அலுமாரி முதலிய பல சொற்களை நமக்கு விட்டுச்சென்றனர். கடதாசியும் அவர்கள் தந்ததே. இந்துசமுத்திரத்தில் ஓடும் மரக்கலங்கள் தம்மிடம் பெறவேண்டிய அனுமதிச் சீட்டை அவர்கள் 'கர்த்தாஸ்' என்றனர். அச்சொல் அரபியின் 'கிர்தாஸ்' என்பதன் வழித்தோன்றல்; அதற்கும் மூலம் கிரேக்கம். அதே கிரேக்க மூலம் இலத்தீன் வழியாக ஆங்கிலத்துக்குச் சென்று 'கார்ட்' என்றும் 'சார்ட்' என்றும் இரண்டு பிள்ளைகளைப் பெற்றது. அரபு வணிகரின் கலங்களை மடக்குதற்குப் பயன்பட்ட சீட்டுக்கு அரபியரின் சொல்லே பெயராக நின்றது விந்தைதான்.

மானிப்பாயை அடைந்தபோது வெயில் ஏறிவிட்டது. அங்குள்ள கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலை, அமெரிக்க மிசன் வைத்தியராகிய சாமுவேல் பிஸ்க் கிறீன் அவர்களின் பெயர் தாங்கி நிற்பது. 1847இல் யாழ்ப்பாணம் வந்து 1873இல் இந்நாட்டைவிட்டு நீங்கிய அப்பெரியார், மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே மாணாக்கருக்குக் கற்பித்தவர். நோயாளி பேசும் மொழியிலே வைத்தியன் சிந்திக்கவேண்டும் என்ற துணிவு அவருடையது. ஒரு கலைச்சொல்லுக்கு முதலிலே தமிழில் தேடுவார். இல்லையேல் வடமொழியில் தேடுவார். அங்கும் கிட்டாதபோதே ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஓசைக்கு இணங்க அமைப்பார். 1875இல் வெளிவந்த அவரது இரசாயன நூலின் பெயர் 'கெமிஸ்தம்'.

இப்பெயரைச் சொன்னவுடன் நண்பர் வண்டியை நிறுத்திவிட்டார். 'கெமிஸ்திரி' என்னும் ஆங்கிலச் சொல், அரபியின் 'அல்கீமியா' ஐரோப்பாவிற் புகுந்து 'அல்' என்ற தலைப்பாகையைக் கழற்றிவைத்த வடிவமே. அச்சொல்லையும் அரபியர் கிரேக்கரிடமிருந்தே பெற்றனர். கிரேக்கத்திலே பிறந்து, அரபியிலே வளர்ந்து, ஆங்கிலத்தின் வழியாக அமெரிக்க வைத்தியர் ஒருவரின் கையால் மானிப்பாயிலே தமிழுடை பூண்டது கெமிஸ்தம்! நாம் இன்று இரசாயனவியல் என்கிறோம். தமிழ்நாட்டார் வேதியியல் என்கின்றனர். கெமிஸ்தத்தை அறிந்தவர் சிலரே. வைத்தியசாலையிலே ஊசி போடுமுன் தோலிற் பூசும் 'அல்கஹோல்' கூட அரபியின் 'அல்குஹுல்' என்பதே; கண்ணுக்கு இடும் மைப்பொடியைக் குறித்த சொல் அது. கண்மை எவ்வாறு மதுவாயிற்று என்று கேட்கும் மாணாக்கருக்கு, நுண்பொடியிலிருந்து நுண்மையான சாரத்துக்கும், சாரத்திலிருந்து வடித்தெடுத்த திராவகத்துக்கும் பொருள் நகர்ந்த கதையைச் சொல்லவேண்டும்.

அங்கிருந்து வட்டுக்கோட்டைக்குச் சென்றோம். 1823இல் அங்கே அமெரிக்க மிசனார் தொடங்கிய செமினரி, ஆங்கிலக் கல்வியை யாழ்ப்பாணத்தில் ஊன்றிய இடங்களுள் தலையாயது. அது 1855இல் மூடப்பட்டது. இன்று அவ்விடத்திலே யாழ்ப்பாணக் கல்லூரி விளங்குகின்றது. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாகத் தேறிய சி. வை. தாமோதரம்பிள்ளை, கறல் விசுவநாதபிள்ளை ஆகிய இருவரும் இச்செமினரியிற் பயின்றவர்களே.

கல்லூரிக்கு அண்மையில் ஒரு மரநிழலில் அமர்ந்து, அரபியர் இந்நாட்டிலே ஆங்கிலம் பயின்ற கதையை நண்பர் சொன்னார். 1882இல் எகிப்திலே ஆங்கிலேயரை எதிர்த்துத் தோற்ற ஒறாபி பாஷாவும் அவருடன் அறுவரும் 1883 சனவரியில் இலங்கைக்கு நாடுகடத்தப்பட்டனர். அவர்களுள் ஒருவராகிய மஹ்மூத் சாமி அல்பாரூதி என்னும் பெருங்கவிஞர், 17 ஆண்டுகள் இத்தீவிலே தங்கியிருந்து, தம்மை வென்றவரின் மொழியைக் கற்றுக்கொண்டாராம். ஊரைப் பிரிந்தவன் வேற்று மொழி கற்பது வேறு, ஊரிலிருந்து கற்பது வேறு என்றார் நண்பர். அதை நாம் மறுக்கவில்லை.

அப்போதுதான் கொப்பியை விரித்தார். ஆங்கிலத்திலே தனிச்சொற்களைவிடத் தொல்லை தருவன இரட்டைச்சொல் வினைகள். 'லுக்' என்றால் பார். அதனோடு 'ஃபோர்' சேர்ந்தால் தேடு. 'ஆஃப்டர்' சேர்ந்தால் பராமரி. அரபு மாணாக்கர் சொல்லுக்குச் சொல் வைத்து, 'பின்னாலே பார்' என்று பொருள்கொண்டு திரும்பிப் பார்க்கின்றனராம். நண்பர் அவர்களுக்கு அவர்கள் மொழியையே சான்று காட்டுகிறார். 'ரகிப' என்னும் அரபு வினையுடன் 'ஃபீ' சேர்ந்தால் விரும்பினான். 'அன்' சேர்ந்தால் வெறுத்து விலகினான். தம் மொழியிலே இத்தகைய மாயம் செய்பவர், ஆங்கிலேயரைக் குறை கூறலாமா? தமிழர்க்கு இது இன்னும் எளிது. பார் என்பதோடு கொள் என்பதைச் சேர்த்துப் 'பார்த்துக்கொள்' என்று நாம் சொல்வதில்லையா?

அந்தப் பக்கத்தின் எடுத்துக்காட்டு வாக்கியம், 'ப்ளீஸ் லுக் ஆஃப்டர் மை கோட்' என்பது. பழைய பாடநூலொன்றிலிருந்து எடுத்ததாம். குளிர்காலத்து மேலங்கியை அந்த வெயில் நாட்டுப் பிள்ளைகள் எங்கே கண்டார்கள் என்று அவரே நகைத்தார். எமக்கு நகைப்பு வரவில்லை. 'பார்த்துக்கொள்' என்ற சொல்லைக் கேட்டதும் வேறொரு நாள் நினைவுக்கு வந்துவிட்டது.

1990 ஒக்ரோபர் 30ஆம் நாள், விடுதலைப் புலிகளின் கட்டளைப்படி யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம் மக்கள் அனைவரும் இரண்டு மணி நேரத்துள் வெளியேற்றப்பட்டனர். அம்மாதத்தில் வடமாகாணம் முழுவதிலுமிருந்து அவ்வாறு போக்கப்பட்டவர் ஏறக்குறைய 70,000 பேர்; பெரும்பாலோர் புத்தளத்தில் அடைக்கலம் புகுந்தனர். எமக்கு அப்போது வயது பத்து. நண்பரின் தாயார் வேலிப் பொட்டருகே வந்து, எம் தாயாரிடம், "அக்கா, ஆட்டைப் பார்த்துக்கொள்ளுங்கோ" என்றார். வேறொன்றும் சொல்ல நேரமிருக்கவில்லை. வெள்ளச்சி என்ற அப்பெண்ணாட்டை நாமே கயிற்றோடு இழுத்துவந்து எமது முருங்கையிற் கட்டினோம்.

சரியாக ஐந்து ஆண்டுகளின் பின், 1995இலே அதே ஒக்ரோபர் 30ஆம் நாள், வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் நாவற்குழிப் பாலத்தைத் தாண்டித் தென்மராட்சிக்கு மழையிலே நடந்த இரவு வந்தது. எம் தந்தையார் ஆட்டின் கயிற்றை அறுத்துவிட்டார். அடுத்த ஆண்டு திரும்பி வந்தபோது முருங்கையும் இல்லை, ஆடும் இல்லை.

இவற்றை நண்பரிடம் சொன்னோம். சொல்லாமல் மறைத்த ஒன்றையும் சொன்னோம். இடையிலே வெள்ளச்சி ஈன்ற குட்டிகள் இரண்டை, பொருளாதாரத் தடையால் அரிசி விலை ஏறியிருந்த காலத்தில், எம் வீட்டார் விற்றுவிட்டனர். அப்பணத்தில் அரிசியும், எமக்கொரு சோடி சப்பாத்தும் வாங்கப்பட்டன. பிறர் ஆட்டின் குட்டி என்பது தெரிந்தே அச்சப்பாத்தை அணிந்துகொண்டு பாடசாலைக்குப் போனோம்.

நண்பர் நெடுநேரம் கல்லூரி மதிலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்பு, "உம்மா மௌத்தாகும் வரைக்கும் அந்த ஆட்டைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தா. உன்னிட்டயிருந்து கடிதம் வந்தது, ஆடு சுகமாயிருக்குதாம் எண்டு நான் ஒவ்வொரு முறையும் பொய் சொல்லுவன். குட்டி போட்டதெண்டு தெரிஞ்சிருந்தால் அதையும் சொல்லியிருப்பன்" என்றார்.

திரும்பும் வழியிலே சோனகர் தெருவுக்குள் இறங்கினோம். 2009இன் பின் மீண்டு வந்த குடும்பங்கள் சில அங்கே வாழ்கின்றன. பள்ளிவாசலில் தொழுகை நடக்கின்றது. நண்பரின் வளவிலே சுவரொன்றின் அடிப்பாகமும் கிணற்றுக்கட்டும் மட்டும் இருந்தன. வேலி இருந்த இடத்திலே இப்பொழுது மதில்.

நண்பர் கிணற்றுக்கட்டில் அமர்ந்து கொப்பியைத் திறந்தார். முன்னே சொன்ன வாக்கியத்தின் கடைசிச் சொல்லிலே ஆங்கில எழுத்தொன்றை அடித்துவிட்டு, மேலே வேறோர் எழுத்தை எழுதினார். மேலங்கி போய் ஆடு வந்தது. தமிழில் எழுதுமிடத்து அம்மாற்றம் தெரியமாட்டாது. நமக்கு இரண்டும் 'கோட்' தான்.